புல் வெட்டாத மேடு

“அக்டோபர் 16. சென்ற வாரம் ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். ஆள் இருக்கும் கல்லறையில் ‘உரியவர் இல்லை’ என்ற பலகையை நட்டுவிட்டேன்.”

பகலில் சாலைப் பணிக்கு நிலம் அளந்து மாலையில் படிக்கும் சேரின், வகுப்பு தொடங்குமுன் இதை எழுதி, ‘சிறு’ என்பதை அடித்தாள். தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறோமோ என்று தோன்றவே மறுபடி எழுதினாள்.

தொக்கோல் ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போட இரண்டு குன்றுகளில் ஒன்றை வெட்டியாக வேண்டும். ஒன்றில் ஊர்த்தலைவர் ஜொங்தெக்கின் முன்னோர் பதினொரு பேர். மற்றதில் கேட்பாரற்ற கல்லறை மேடுகள். அறுவடைத் திருநாளுக்குமுன் புல் வெட்டாத மேட்டுக்கு வாரிசு இல்லை என்பது அங்கே வழக்கம். பலகை நட்டு மூன்று மாதத்தில் யாரும் வராவிட்டால் எலும்பைத் தோண்டி எரித்துவிடலாம்.

அளக்கப் போனபோது தலைவரே வழிகாட்டினார். முன்னோர்மீது அவருக்கு அவ்வளவு பக்தி: மருமகன்களை விட்டுப் புல்லை வெட்டச் சொல்லி, அரிவாளைத் தான் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் பக்தி.

“இதுவும் அநாதைதாம்மா. புல்லு இடுப்பளவு நிக்குது பாரு.”

சேரின் யாரையும் கேட்கவில்லை. நட்டாள்.

இன்று காலை ஊர்க்கூட்டத்துக்கு நூடுல்ஸ் கடை சுன்ரே மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்தாள்.

“அது எம் புருஷன். ஆறு வருஷமா நாந்தான் புல்லு வெட்டுறேன், இந்தத் தடவை கை ஒடிஞ்சு கெடந்தேன். ஜொங்தெக்கு, பொணத்தத் தூக்குன நாலு பேர்ல நீயும் ஒருத்தன்தானே?”

“ஞாபகம் இல்ல அண்ணி. வயசாயிடுச்சு.”

“அன்னைக்கு எங்கடையில ஓசியில நீ எத்தன கிண்ணம் நூடுல்ஸ் தின்னேன்னு நான் சொல்லட்டா?”

கூட்டம் சிரித்தது. சேரினின் மேலதிகாரியான பொறியாளர் மட்டும் அவள் காதருகே குனிந்தார். “பேசாம இரு. அந்தம்மாவுக்கு மனு எழுதவா தெரியப்போகுது? மூணு மாசம் தானா ஓடிரும்.”

இந்த மனிதரிடம் பாராட்டு வாங்க இரண்டு வருடம் உழைத்ததை நினைத்துச் சேரின் வெட்கப்பட்டாள். எழுந்தாள்.

“பலகைய நட்டது நான். விசாரிக்காம நட்டேன். தப்பு.”

“ஒரு சின்னப் பொண்ணு சொன்னா ரோடு திரும்பிருமா?” என்றார் தலைவர்.

“உரியவங்க இருந்தா அவங்க கையெழுத்து வேணும், தலைவரே.”

“கையெழுத்தா?” சுன்ரே மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். “கைதான் ஒடிஞ்சிருக்கே. அது கூடுனாலும் போட மாட்டேன்.”

தலைவர் எழுந்து வாசலில் செருப்பைத் தேடினார்.

வகுப்பு மணி அடிக்குமுன் சேரின் குறிப்பேட்டில் கடைசி வரிகளை எழுதினாள்:

“நாளை காலை எட்டு மணி. பலகையைப் பிடுங்கிக் குழியை மூட வேண்டும். பிறகு தலைவரின் குன்றை அளக்க வேண்டும்.”