வெண்டலின் முகம்

நான்கு வருடமாக டார்லீன் அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம். தன் மகன் வெண்டல் ஆட்டத்தில் இருக்க வேண்டும், அவன் முகம் தெரிய வேண்டும். கேட்பது சுலபம். மைதான ஓரத்தில் கேமராவோடு மண்டியிட்டுப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

எங்கள் டால்பர்ட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் வெண்டலுக்கு ஒரே வேலைதான். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் நேரம் வந்தால் அவன் குனிந்து, தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிய வேண்டும். எறிந்த மறுகணம் எதிரணித் தடியர்கள் அவன்மேல் விழுவார்கள். முன்னாலிருந்து எடுத்தால் ஹெல்மெட்டின் உச்சி மட்டும் விழும். பின்னாலிருந்து எடுத்தால் தலைகீழாக ஒரு மூக்கு, அதற்கு மேலே மலை மாதிரி அவன் பின்புறம். அதையும் ஒருமுறை அச்சடித்துக் கொடுத்தேன்.

"ஏன் மேவிஸ், இதை ஹால்ல மாட்டினா பாதிரியார் வந்து முதல்ல எதைப் பார்ப்பாரு?" என்று கேட்டார் அக்கா.

அந்தச் சனிக்கிழமை கிரெஸ்வெல் கல்லூரியோடு மோதல். அலபாமாவின் எங்கள் மூலையில் இந்த இரண்டு கல்லூரிக்காரர்களும் கல்யாண வீட்டில்கூட ஒரே வரிசையில் உட்கார மாட்டார்கள். வெண்டலுக்கு இதுதான் கடைசி ஆட்டம். வாசலில் அக்கா என் கையைப் பிடித்து, "இன்னைக்கு விட்டா இல்ல, கண்ணு" என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஆட்டமோ உயிரை வாங்கியது. முடியச் சில நொடிகளே இருக்கும்போது நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். இப்போது உதைத்து உள்ளே போனால் மூன்று புள்ளி, வெற்றி எங்களுக்கு. படக்காரர்கள் அத்தனை பேரும் உதைப்பவனின் முகம் தெரியும் இடத்துக்கு ஓடினார்கள். நான் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் மண்டியிட்டு, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் நீள லென்ஸை வெண்டல்மேல் வைத்தேன்.

"என்னம்மா, மாப்பிள்ளையை விட்டுட்டு சமையல்காரனைப் படம் எடுக்கிற?" கிரெஸ்வெல் ஊர்ப் பத்திரிகைக்காரன் க்ளிண்ட் ஓடுகிற ஓட்டத்தில் கேட்டான்.

"பந்தியில உக்காரும்போது தெரியும்யா. வழியை விடு!"

வெண்டல் குனிந்தான். எறிந்தான். விழுந்தான். வழக்கம்போல ஹெல்மெட்டின் உச்சிதான் கிடைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது 'தொம்' என்று ஒரு சத்தம். கிரெஸ்வெல்காரன் ஒருவனின் கை உதைத்த பந்தில் பட்டுவிட்டது. பந்து கம்பத்துக்குப் போகாமல் எங்கள் ஆட்களுக்குப் பின்னாலேயே விழுந்து, கிறுக்குப் பிடித்ததுபோல் குதித்தது. உதைத்தவன் தலையில் கை வைத்தான். அரங்கமே தலையில் கை வைத்தது. ஆனால் அப்படி விழும் பந்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஓடலாம்; கோல் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆறு புள்ளி. வெண்டல் எழுந்து நின்று திரும்பிய நேரம், அது நேராக வந்து அவன் வயிற்றில் மோதியது.

பிடித்துக்கொண்டான். ஒரு கணம் யாருடைய பிள்ளையோ என்பதுபோல் அதைப் பார்த்தான். பிறகு என்னை நோக்கி ஓடி வந்தான்.

கோட்டோரம் நிற்கும் படக்காரர்கள் கத்தக் கூடாது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு படமெடுக்க வேண்டும். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "ஓடுடா வெண்டல்! ஓடுடா என் ராசா!"

பந்தோடு ஒருவன் நேரே வந்தால் நீள லென்ஸை விட்டுவிட்டு, தோளில் தொங்கும் சின்ன கேமராவுக்கு மாற வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான். எனக்கு எதுவும் நினைவில்லை. விரலை அழுத்தியபடியே இருந்தேன். முழு உருவம் அரை உருவமாயிற்று, பிறகு அதுவும் போய், இருநூற்றைம்பது பவுண்டு வெண்டல் கோட்டைத் தாண்டி என்மேலேயே வந்து விழுந்தான். டால்பர்ட் ஜெயித்துவிட்டது!

"அடிபட்டுச்சா மேவிஸக்கா?" என்று கேட்டவனை அதற்குள் கூட்டம் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

விலா வலித்தது. உட்கார்ந்தபடியே படங்களைப் பார்த்தேன். அந்த ஓட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் கூர்மையாக விழுந்திருந்தது. அதை எங்கள் ஊர்ப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. காது இரைந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பந்து எங்க? கோடு எங்க? சட்டை நம்பர்கூட இல்லையே!" என்று குதித்தார். "இதைப் போட்டா யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. படம் முழுக்க ஒரு முகம்தான். ஹெல்மெட் கம்பிகளுக்குப் பின்னால் உருண்டு நின்ற இரண்டு கண்கள், உள்நாக்குத் தெரியத் திறந்த வாய்.

அதற்குள் டார்லீன் அக்கா வேலியைத் தாண்டி, காவலரைத் தள்ளிவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கேமராவைத் திருப்பிக் காட்டினேன். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"பொறந்தப்ப இதே மூஞ்சிதான், மேவிஸ்" என்றார். "இப்படித்தான் வாயைத் திறந்துகிட்டு வந்தான்."

"ஹலோ, ஹலோ" என்று ஆசிரியர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். "யாரு இதுன்னு கேக்கிறேன்ல?"

அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"என் புள்ளைடா அது!"