எங்களையும் கேளுங்க

விடியுமுன்பே பிரஸ் எந்திரங்கள் இடிக்கத் தொடங்கிவிட்டன. தகட்டை நுழைத்து, மிதியை அழுத்தி, கையை இழுக்க வேண்டும். நிமிடத்துக்குப் பதினான்கு முறை. மூன்றாம் பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் தடுக்கும் காவல் கம்பியை முதலாளி கழற்றச் சொல்லி ஒரு மாதம். அது வேகத்தைக் குறைக்கிறதாம். ஆறு மணிக்கு அதில் தாடியண்ணனின் இரண்டு விரல்கள் நசுங்கின.

ஆலை மருந்தகத்துக்குத் தாங்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸக்கா கட்டுப் போட்டபடியே கேட்டார். "தப்பா நினைக்காதீங்கண்ணே. குடிப்பீங்களா? கடைசியா எப்போ?"

அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் கதவுப் பக்கம் ஒதுங்கினோம்.

"டாக்டருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். தெரியாம மயக்க மருந்து குடுத்தா ஆபத்து. தினம் குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தினா வலிப்புகூட வரலாம்."

"தினம் சாயங்காலம் மூணு கிளாஸ்மா. நேத்து ஏழு மணியோட சரி. வேலைக்கு வரும்போது தொட்டதில்ல."

எழுதிய தாள் அவரோடு ஆஸ்பத்திரி வண்டியில் போனது, நகல் நர்ஸக்காவின் இழுப்பறைக்குள். வண்டி வாசலைத் தாண்டியதும் முதலாளி வந்தார்.

"நகலைக் குடு."

"அது நோயாளியோடது சார்."

"குடிகாரன் கைய விட்டான். கதை முடிஞ்சுது."

எந்திரங்களுக்கு எண்ணெய் விடும் அக்கா மருந்தக வாசலில் நின்றார். "காவல் கம்பியும் குடிச்சுட்டு எங்கயாவது விழுந்து கெடக்கா சார்?"

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில தாள் என் மேசையில இருக்கணும். இல்லேன்னா நீ இங்க இருக்க மாட்டே."

அடுத்து, தலைசுற்றல் என்று மூட்டை தூக்குபவர் உட்கார்ந்தார். அதே கேள்வி.

"நானா? சேச்சே." விரல்கள் நடுங்கின. காலர்வரை வியர்வை.

நர்ஸக்கா பேனாவைக் கீழே வைத்தார். "முதலாளி வர்றதுக்கு முன்னாடி கேட்டிருந்தா உண்மையச் சொல்லியிருப்பீங்க. இப்போ உங்களுக்கு என்னன்னு வைத்தியம் பாப்பேன்?"

மூட்டை தூக்குபவர் எழுந்து போய்விட்டார். அன்று மாலை வாசலில் கூடினோம். "குடிச்சவன் கைதான் போகும்னா, இந்த ஷிஃப்டுல பாதிப் பேருக்குக் கையே இருக்கக்கூடாது" என்றார் எண்ணெய்க்காரக்கா.

மறுநாள் விடிந்தபோது பிரஸ்கள் இடிக்கவில்லை. கம்பி மாட்டும்வரை மிதியில் கால் வைப்பதில்லை என்று முடிவு. மருந்தகக் கதவிலிருந்து ஆலை வாசல்வரை அறுபது பேர் வரிசை. முதல் ஆள் மூட்டை தூக்குபவர்.

"எங்களையும் கேளுங்கக்கா. கேட்டுட்டு எல்லாத்தையும் பூட்டி வைங்க. அவரு அறுபது பேரத் தாண்டி வந்து எடுக்கட்டும்."

வாசலில் முதலாளியின் கார் ஹாரன் அடித்தது. வரிசை விலகவில்லை. மறுபடி அடித்தது.

நர்ஸக்கா கதவைப் பாதி சாத்திவிட்டுப் புதுத் தாளை எடுத்தார். "குடிப்பீங்களா?"

"தினமும்" என்றார் அவர். "எழுதிக்குங்க."