ஏழாவது நீலக்கண்

லோடோஸ் காற்று தெற்கிலிருந்து வீசும் நாளில், துருக்கிக் கடற்கரை ஊரான ஆய்வாலிக்கில் யாரும் புதுக் காரியம் தொடங்க மாட்டார்கள். தலை வலிக்கும், பால் திரியும், பேசி முடித்த சம்பந்தம் முறியும் என்பார்கள். ஒர்குன் அந்த நாளைப் பார்த்துத்தான் படகு வாங்கக் கிளம்பினான்.

"எல்லாரும் வீட்டுல முடங்கிக் கிடப்பாங்க. போட்டி இருக்காது, குல்ரிஸ்!"

என்றான் மனைவியிடம். இதுவரை எட்டுப் படகு பார்த்தாயிற்று. நல்லதாக இருந்தால் விலை எட்டவில்லை. விலை எட்டினால் குளியல் தொட்டி அளவுக்கு மேல் இல்லை. கோடை முழுக்கக் கரையோரமாகவே தெற்குக் கோடியிலுள்ள காஷ் ஊர் வரை பாய்மரத்தில் போய்வர வேண்டும், ராத்திரிக்கு ராத்திரி ஒரு குடாவில் நங்கூரம் போட்டுத் தூங்க வேண்டும். இது ஒர்குனின் பத்து வருடக் கனவு. பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்புகூட எழுதிக் கொடுத்துவிட்டான். குல்ரிஸுக்கு இருந்தது ஒரே ஒரு கவலைதான். படகின் முனையில் இருக்கும் அந்தச் சின்ன அறையில் ஏழு வயது தெஃப்னே தூங்குவாள். அவள் காலையில் பத்திரமாக எழுந்திருக்க வேண்டும்.

மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

படகுகளைக் கரையேற்றி வைத்திருந்த முற்றத்தில் நூறு பாய்மரங்கள் நின்றன. காற்றில் கயிறுகள் மரங்களில் மோதி டங் டங்கென்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. கடைசி வரிசையில் தாங்குகால்கள் மேல் நின்றது அந்த வெள்ளைப் படகு. பத்து மீட்டர் நீளம். விலையோ பாதி.

"வாங்க தம்பி! வாங்க அண்ணி!" என்று தேநீர்த் தட்டோடு வந்தார் தரகர் ராசிம். தன்னைவிட இருபது வயது இளையவளையும் அண்ணி என்பது அவருடைய வியாபார மரியாதை. "சீக்கிரம் பாருங்க. நாலு மணிக்கு இஸ்மீர்லேருந்து ஒரு குடும்பம் வருது. உங்க முகத்துக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"என் முகத்தை இப்பத்தானே பார்க்கிறீங்க?" என்றாள் குல்ரிஸ்.

"பார்த்ததுமே முடிவு பண்ணிட்டேன், அண்ணி!"

ஒர்குன் சிரித்தான். ஏணியில் ஏறும்போதே அவன் முகம் மாப்பிள்ளை முகமாகிவிட்டது.

உள்ளே எல்லாம் சுத்தம். அடுப்பு, மேசை, நான்கு படுக்கை. வாசலில் திருஷ்டிக்குக் கட்டும் நீலக்கண் மணி ஒன்று தொங்கியது. சமையல் மூலையில் ஒன்று. பாய்மரத்தின் அடியில், சன்னல்களில், படுக்கைத் தலைமாட்டில். குல்ரிஸ் எண்ணினாள்: ஆறு.

"இத்தனை எதுக்கு?"

"அழகான படகு, அண்ணி. ஊர்க் கண்ணு சும்மா இருக்குமா?"

கதவருகே உயிர்காப்புச் சட்டை மாட்ட மூன்று கொக்கிகள். பெரிது, பெரிது, சின்னது. சின்னக் கொக்கியில் சட்டை இல்லை.

"முன்னாடி வச்சிருந்தவங்க எங்கே?"

ராசிம் தேநீரை ஒரு வாய் குடித்தார். "கடல் ஒத்துக்கல அவங்களுக்கு. வித்துடுன்னு சொல்லிட்டு உள்நாட்டுப் பக்கம் போயிட்டாங்க. வாங்க தம்பி, கீழ போய் வெளிப்பக்கம் பார்ப்போம்."

இருவரும் இறங்கினார்கள். குல்ரிஸ் கையில் ஆறாத தேநீரோடு தனியாக நின்றாள். காலடியில் தரைப்பலகை ஒன்று லேசாக ஆடியது. வளையத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

படகின் வயிறு தெரிந்தது. அடியில் தொங்கும் இரும்புக் கீலைப் படகோடு பிணைக்கும் தடித்த திருகாணிகள் வரிசையாக இருந்தன. கீல்தான் படகைக் கவிழாமல் நிமிர்த்திப் பிடிப்பது. நடுத் திருகாணியின் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில், பிசின் வார்த்து ஒட்டிய ஏழாவது நீலக்கண் அவளையே பார்த்தது.

கீழிருந்து ராசிமின் குரல் வந்தது. "போன வாரம் ஒரு படகு மேஸ்திரி வந்தாரு, தம்பி. பலகையைத் தூக்கினாரு, மணியைப் பார்த்தாரு, மாஷல்லான்னு சொல்லி மூடிட்டாரு. குறை ஒண்ணும் சொல்லல."

சொல்ல மாட்டான்தான். ஒட்டியிருக்கும் திருஷ்டி மணியை எவன் பெயர்ப்பான்? வினையை வலியக் கூப்பிட்டு விருந்து வைப்பது போல அது. ஆனால் திருஷ்டி மணி தொங்குவது பிறர் கண் படும் இடத்தில். பலகைக்கு அடியில் யார் கண் படும்?

குனிந்து முகர்ந்தாள். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் பதினோரு வருட வேலையில் அவள் தினமும் முகரும் வாசனை. புதுப் பிசின். சொத்தைப் பல்லுக்கு மேல் பளிச்சென்று உறை போட்டு அனுப்பும் மருத்துவர்களை அவளுக்குத் தெரியும்.

"பிஸ்மில்லா" என்று முணுமுணுத்தபடி வீட்டுச் சாவியை மணிக்கடியில் செருகி நெம்பினாள். படீரென்று மணி இரண்டாகப் பிளந்து பெயர்ந்தது. அடியில், திருகாணியைச் சுற்றி, மயிரிழை போல் ஒரு விரிசல். துரு கசிந்து ரத்தச் சிவப்பாக இருந்தது.

"சரி தம்பி, கையைக் குடுங்க" என்றது கீழே குரல். "நல்லபடியா அமையட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிடுவோம்."

கை குலுக்கி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் முடிந்தது. சாகும்வரை ஒர்குன் பின்வாங்க மாட்டான். குல்ரிஸ் யோசிக்கவில்லை. பக்கத்தில் வைத்திருந்த தேநீரை அப்படியே விரிசலில் ஊற்றினாள். அது தேங்கவில்லை, உறிஞ்சினாற்போல் உள்ளே போனது.

"ஒர்குன்! கை குடுக்காதே! கீலைப் பாரு!"

கீழிருந்து ஒர்குனின் குரல், அவனுடையது போலவே இல்லாமல்: "குல்ரிஸ்... மேல என்ன ஊத்தின?"

"டீ!"

"இங்க சொட்டுது. சூடா."

அவள் இறங்கி வந்தபோது கீல் படகோடு சேரும், புதுச் சாயம் பூசிய பொருத்தின் வழியே செந்நிறத் துளிகள் ஒவ்வொன்றாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தன. ஒர்குன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். ராசிமின் பார்வை துளிகளில் இல்லை. அவள் கையிலிருந்த உடைந்த மணியில் இருந்தது.

"அதை எடுத்திருக்கக் கூடாது, அண்ணி" என்றார் மெதுவாக. கோபமே இல்லை.

முற்றத்து வாசலுக்கு அவர்கள் கார் வரும்போது மணி நாலு. எதிரே இஸ்மீர் எண் போட்ட கார் ஒன்று நுழைந்தது. பின்னிருக்கையில் குழந்தை நாற்காலி. குல்ரிஸ் ஒர்குனை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள்.

முன் சன்னலில் இருந்த பெண் கண்ணாடியை இறக்கினாள்.

"அந்த வெள்ளைப் படகை வாங்காதீங்க. கீல் விட்டுடுச்சு. இதோ பாருங்க!" என்று மணியின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். விரிசல் அந்தப் பிசினில் பல் அச்சுப் போலப் பதிந்திருந்தது.

அந்தப் பெண் அச்சைப் பார்க்கவில்லை. இரண்டாகப் பிளந்த நீலக்கண்ணைத்தான் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"உடைஞ்ச மணியை என் பிள்ளைக்கு முன்னாடி நீட்டுறீங்களே, உங்களுக்கு அல்லா பயமே இல்லையா? உங்க மேல பட்ட கண்ணை எங்க மேல இறக்கவா?"

"அம்மா, ஒரு நிமிஷம் கேளுங்க..."

"அவங்களுக்கு விலை படியல போல, அம்மணி" என்றார் பின்னால் வந்து நின்ற ராசிம், சிரித்தபடி. "வயித்தெரிச்சல். நீங்க வாங்க, தேநீர் தயாரா இருக்கு."

கண்ணாடி ஏறியது. பின்னிருக்கையில் ஒரு சிறுவன் குல்ரிஸுக்குக் கையசைத்தான்.

அந்தக் கார் கடைசி வரிசையை நோக்கி மெதுவாகப் போனது. ராசிம் அதன் பின்னால் நடந்தார். நடந்தபடியே சட்டைப் பைக்குள் கைவிட்டு உள்ளங்கை அகலத்தில் எதையோ எடுத்தார். வெயிலில் அது ஒருமுறை நீலமாக மின்னியது.