வேலிக்கு வெளியே ஒரு சம்மதம்

"சல்லடைய வேலியிலயே மாட்டிட்டுப் போங்கக்கா. உள்ள கால் வைக்காதீங்க," என்றாள் நெரியா.

இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தர வந்த அலுவோச் நின்ற இடத்திலேயே நின்றாள். நெரியா அவளுடைய கொழுந்தன் ஒகோலாவின் மனைவி. போன மழைக்காலம் வரைக்கும் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் களி கிண்டியவர்கள். இப்போது நெரியா இவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"அவர் கேட்டப்ப சரின்னு சொல்லியிருந்தா இந்த வம்பு உண்டா? என் புருஷன உங்க வீட்டுக்கு அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா? முறைன்னா முறைதானே."

ஏரிக்கரை லூவோ மக்களிடம் அப்படி ஒரு முறை. புருஷன் செத்தால், அவன் வம்சத்து ஆண் ஒருவன் வந்து தன் கோட்டுச் சட்டையை அந்த வீட்டில் மாட்டி, அங்கே அவளோடு ஓர் இரவு தங்கிப் போக வேண்டும். அதுவரை அவள் தீட்டு. தீட்டோடு பிறத்தியார் வேலியைத் தாண்டினால் அந்த வீட்டுக்குச் சீரா என்கிற சாப நோய் பிடிக்கும், பிள்ளைகள் உருகி உருகிச் சாவார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. பெண்டாட்டி செத்தவனுக்கும் சடங்கு உண்டுதான். ஆனால் அவன் எந்தத் தடையும் இல்லாமல் ஊரெல்லாம் சுற்றி வந்ததை அலுவோச் பார்த்திருக்கிறாள்.

அவள் புருஷன் ஒதுயா, படகு கவிழ்ந்து ஏரியில் போனவன். அவன் மண் குழைத்துக் கட்டிய வீட்டில் இன்னொருவன் கோட்டு தொங்குவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒகோலா கேட்டபோதெல்லாம் மாட்டேன் என்றாள். மாட்டேன் என்று சொல்லிவிடலாம், தூக்கத்தை யார் தருவார்கள்? கண்ணை மூடினால் துடுப்புச் சத்தம். சொல்லி அழ வழியில்லை, அழுதால் "கோட்டு மாட்டிக்க, எல்லாம் சரியாயிரும்" என்பார்கள்.

அந்த நேரத்தில்தான் பெரில் என்ற பெண் தேவாலயத்தில் வந்து பேசினாள். பல்கலைக்கழகத்து மனநல ஆராய்ச்சிக்காரி. புருஷனை இழந்தவர்களின் துக்கத்தைப் பற்றி ஆய்வு செய்கிறார்களாம், அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்களாம். பைக்குள் கைவிட்டுச் சோடா மூடி ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தவளோடு வாரம் தவறாமல் ஒருத்தி உட்கார்ந்து பேசுவாள், குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்பாள். வெள்ளை வந்தவள் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். அலுவோச்சுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. குறுக்கே பேசாமல் கேட்பார்கள், அது போதும்.

பெரில் லூவோ மொழி பேசுவாள், ஆனால் பிறந்து வளர்ந்தது நைரோபியில். முறைப்படி ஊர்ப் பெரியவர் ஒபியேரோவிடம் அனுமதி கேட்டாள். அவர் பெருந்தன்மையாகத் தன் வீட்டு முற்றத்தையே தந்தார். நல்ல நிழல், நிறைய பாய்கள். அந்த வேலிக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்கிற வழக்கம் பெரியவருக்கு ஒருநாளும் கிடையாது.

மூடி எடுக்கும் நாளான வெள்ளிக்கிழமை முற்றம் நிறைந்திருந்தது. எல்லாரும் முறை முடித்த விதவைகள். அவர்களுக்குக் கோட்டு மாட்டிய ஆண்கள் வேலியோரம் சாய்ந்து, பேச்சு காதில் விழும் தூரத்தில் நின்றார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று பெரில் கேட்டபோது, பெண்கள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்லா இருக்கோம் என்றார்கள்.

அலுவோச் வாசலுக்கு வெளியே நின்றாள். பெரில் சிரித்துக்கொண்டே கையசைத்துக் கூப்பிட்டாள். பெண்கள் பிள்ளைகளை மடியோடு இழுத்துக்கொண்டார்கள்.

"அவ இன்னும் முறை முடிக்கலம்மா," என்றார் ஒபியேரோ.

விவரம் புரிந்ததும் பெரில் அசைத்த கையை இறக்கினாள். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"அவ கை பட்ட பைக்குள்ள இங்க யாரும் கை விடமாட்டாங்க. யோசிச்சுக்கோ," என்றார் பெரியவர், குரலை உயர்த்தாமல்.

பெரில் பாதி வழியில் நின்றாள். எல்லாரும் ஒரே இடத்தில், எல்லார் கண் முன்னாலும் எடுக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. வேறு ஊருக்கு வந்து மூடி எடுக்கலாமா என்று அலுவோச்சிடம் மெதுவாகக் கேட்டாள். அங்கேயும் பெரியவர் வீட்டில்தானா என்று அலுவோச் திருப்பிக் கேட்டாள். பெரில் பையைத் தரையில் வைத்தாள்.

"அண்ணி, இன்னிக்கு ராத்திரி சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே ராணி மாதிரி உள்ள வந்து உக்காரலாம்," என்றான் அந்த ஆண்களோடு நின்ற ஒகோலா. வேலியோரத்தில் சிரிப்பு கிளம்பியது.

அலுவோச் அவனைப் பார்க்காமல் பெரில் பக்கம் திரும்பினாள்.

"புருஷன் செத்த துக்கத்தைத் தேடித்தானே வந்தே, மகளே? இவங்க வாய்க்குக் காவல் நிக்குது. காவல் இல்லாதவ நான் ஒருத்திதான், என்னை வெளிய நிறுத்திட்டு யார்கிட்ட கேக்கப் போறே?"

சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

யாரும் கத்தவில்லை. பெண்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, அவள் நிழல் மேலே படாமல் ஒதுங்கி ஒதுங்கி வெளியேறினார்கள். அவர்களில் இரண்டு பேர் போகும்போது அழுதார்கள், பயத்திலா வேறெதிலா என்று சொல்ல முடியாது. ஒகோலா காறித் துப்பிவிட்டுப் போனான். ஒபியேரோ வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அலுவோச் பைக்குள் கைவிட்டு ஒரு மூடியை எடுத்தாள். சிவப்பு.

பெரில் தன் பேராசிரியருக்குப் போன் செய்தாள். நெடுநேரம் விளக்கினாள், கெஞ்சினாள், பிறகு சரிங்க சரிங்க என்று மட்டும் சொன்னாள். போனை வைத்தபோது அவளால் அலுவோச்சை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"ஒருத்தரை வச்சு ஆய்வு பண்ண முடியாதாம்மா. இந்த ஊர்ல யாரும் சம்மதிக்கலன்னு எழுதிட்டு அடுத்த ஊருக்குப் போகச் சொல்றாங்க."

அலுவோச் காலியாகிப்போன முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். பாய்கள் போட்டபடியே கிடந்தன. நடுவிலிருந்த பாயில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் சம்மதிச்சு வந்து உக்காந்திருக்கேன். அவங்க சொன்னதை நீ எழுதிக்கோ. எழுதிட்டு வந்து, என்கிட்ட கேக்க வந்ததக் கேளு."