கூடாரம் அடித்த வெள்ளிக்கிழமை

கூடாரத்தின் இன்னொரு இரும்பு முளையும் வளைந்துவிட்டது. குணசேகரன் அதைப் பிடுங்கி, துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். கத்திரி வெயிலில் இறுகிப்போன மண். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே கிடந்த அந்தத் துண்டு நிலத்தில் பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை விழவில்லை. நீலக் கூடாரம் ஒரு பக்கம் நிமிர்ந்தும் மறுபக்கம் சரிந்தும், விழுந்த மாடு எழுந்திருக்கப் பார்ப்பதுபோல நின்றது.

சமையலறை ஜன்னல் வழியாகச் சிவரஞ்சனி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இடது தாடையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

"மறுபடியும் பல்லாங்க?"

"ஆமா. சுத்தியல ஓங்குனாப் போதும், விண்ணுனு இழுக்குது."

"பல் டாக்டர்ட்டக் காட்டுங்கன்னு ஒரு வாரமாச் சொல்றேன்."

"காட்டுனா புடுங்குவாரு. புடுங்குனா ரெண்டு நாளைக்குக் கஞ்சி. அம்புட்டுத் தூரம் மலையேறிப் போயிக் கஞ்சியா குடிக்கிறது? திரும்பி வந்து பாத்துக்கிறலாம். ஒரு கிராம்பு குடு."

கிராம்பை ஜன்னல் கம்பி வழியே நீட்டினாள். வாங்கிய விரல்கள் ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தன. வெயிலில் வேலை செய்பவரின் கை இப்படிச் சில்லென்று இருக்கிறதே என்று ஒரு கணம் உறைத்தது. ஆனால் அவள் மனம் அப்போது அங்கே இல்லை. அது யானைகளிடம் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் புறப்பாடு. மூணாறைத் தாண்டி ஒரு வனப்பூங்கா. ஆற்றோரமாகக் கூடாரம் அடித்து மூன்று நாள் தங்கல். அறந்தாங்கியில் தண்ணீர் கேன் போடும் ஒருவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். சிவரஞ்சனிக்குத் தெரியும். பதினேழு வருடம் ஷார்ஜாவில் கிரேன் ஓட்டியவர். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் எல்லாத் திசையிலும் மணல், தட்டையாக. போன வருடம் மொத்தமாக ஊருக்கு வந்துவிட்டார். இங்கேயும் தட்டைதான். மணமேல்குடிப் பக்கம் போனால் அதைவிடத் தட்டையாகக் கடல்.

"பொறந்ததுலேர்ந்து ஒரு மேட்ட நிமிந்து பாத்ததில்ல ரஞ்சனி. ஒரு தடவ மலைக்குள்ள போயிப் படுத்து எந்திரிக்கணும்" என்றார்.

"பதினேழு வருசம் கேம்ப்புல கெடந்தது பத்தலையா? இப்பக் காசு குடுத்து வேற கேம்ப்புக்குப் போகணுமா?"

"அது மூட்டப்பூச்சிக் கேம்ப்பு. இது வேற" என்று சிரித்தார்.

அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை. வீடு கட்டணும் என்றார்கள், கட்டினார். அக்கா மகளுக்குக் கல்யாணம் என்றார்கள், செய்தார். அவராக எதையாவது வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

ஆனாலும் பயம் போகவில்லை. மகள் ரம்யா புதுக்கோட்டையில் கல்லூரியில் படிப்பவள். அப்பாவும் மகளும் ஒரு மாதமாகப் போனில் தலையை முட்டிக்கொண்டு பாதை பார்த்தார்கள், தூங்கும் பை வாங்கினார்கள், காட்டாற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அவர்கள் தூங்கிய பிறகு சிவரஞ்சனி தன் போனில் வேறு படங்களைப் பார்த்தாள். கார் மேல் காலை வைக்கும் யானை. மண் சரிந்து பாதி பஸ்ஸை மூடியிருக்கும் சாலை. கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு போன ஏதோ ஒன்று. ஒன்றைப் பார்த்தால் போன் தானாகவே அடுத்ததைக் காட்டியது. அவள் கனவில் மலை எப்போதும் கறுப்பாக இருந்தது. அதன் அடிவாரத்தில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.

அன்று காலை அவள் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று தேங்காய் உடைப்பதாகத்தான் வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு பெயர்களைக் கேட்டார். குணசேகரன், ரம்யா என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடியவளுக்குள் வேறொன்று வந்தது. ஆத்தா, எப்படியாவது இந்தப் பயணத்த நிப்பாட்டிரு. என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. நின்னுபோகணும். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. பூசாரி பூ வைத்துக் கொடுத்தார். திரும்பி நடக்கும்போது மனம் லேசாக இருந்தது.

மத்தியானம் வெற்றிசெல்வன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். குணசேகரனுடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர், டிராவல்ஸ் வைத்திருப்பவர். இந்தப் பயணத்தில் அவர்தான் வண்டி ஓட்டுவதாக ஏற்பாடு.

"என்ன மாப்ள, ஒரு டென்ட்டு அடிக்க இம்புட்டு மூச்சு வாங்குது? மலையில ரெண்டு கிலோமீட்டர் ஏத்தம்டா. வண்டி போகாது. தெரியும்ல?"

"தெரியும். இதென்ன, பல்லு வலிடா. நம்ப மாட்ட, தண்ணிக் கேனத் தூக்கிட்டு மாடிப்படி ஏறுனா பல்லு வலிக்குது. எறங்கி உக்காந்தாச் சரியாப் போகுது. அதிசயமான பல்லு."

"பல்லுக்கும் படிக்கும் என்னடா சம்பந்தம்?" வெற்றிசெல்வன் சிரித்தார். ரம்யாவும் சிரித்தாள். மோர் கொண்டுவந்த சிவரஞ்சனியும் சிரித்தாள்.

"யான வருமா அண்ணே?" என்று அவள் கேட்டாள்.

"வந்தா வருது தங்கச்சி. சுத்தி அகழி வெட்டிருப்பாங்க. காவலுக்கும் ஆளு இருக்கும். நீ பேசாம வா."

சாயங்காலம் வெயில் மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கியபோது கூடாரம் ஒருவழியாக நேராக நின்றது. அப்பாவும் மகளும் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தார்கள். துணிக்குள் இரண்டு நிழல்கள் அசைந்தன, பேச்சும் கேட்டது.

"ரஞ்சனி, இங்கிட்டு வா. உள்ள வந்து பாரு, நல்லா இருக்கு."

"அடுப்புல பால் இருக்கு."

"ஒரு நிமிசம் வந்துட்டுப் போயேன்."

"நாளைக்குத்தான் அதுக்குள்ளயே கெடக்கப் போறோம்ல? எனக்கு மூச்சு முட்டும். நீங்க இருங்க."

டார்ச் லைட்டுக்குப் பேட்டரி வாங்க ரம்யா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். வெற்றிசெல்வன் டயருக்குக் காற்றுப் பார்க்கப் புறப்பட்டார். தெருவில் யாரோ வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. சிவரஞ்சனி டீயை ஆற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கூடாரத்தின் வாயில் பாதி திறந்திருந்தது. அவருடைய இரண்டு பாதங்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. படுத்துப் பார்க்கிறார் என்று நினைத்தாள்.

"என்னங்க, டீ."

பாதங்கள் அசையவில்லை. வலது பெருவிரலில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அவள் அதையே பார்த்தாள். அது நடந்து நகத்தின் ஓரத்துக்கு வந்தது. அவர் காலை உதறவில்லை.

டம்ளர் எப்படி விழுந்தது என்று அவளுக்கு நினைவில்லை. குனிந்து உள்ளே நுழைந்தாள். உள்ளே எல்லாம் நீலமாக இருந்தது. அவர் முகமும் கைகளும், தலைக்கு வைத்திருந்த புதுத் தலையணையும்கூட. வாயில் கிராம்பு வாசனை.

மருத்துவமனையில் நெடுநேரம் ஆகவில்லை. இளம் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே வெளியே வந்தார். வரும்போதே உயிர் இல்லை என்றார். பிறகு, எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார்.

"நெஞ்சு வலின்னு ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

"இல்லைங்க. பல்லு வலின்னாரு."

"தாடையா? இந்தப் பக்கமா?"

"ஆமாங்க."

"நடந்தா, படி ஏறுனா வலிக்குதுன்னு?"

சிவரஞ்சனி தலையாட்டினாள். "அது பல்லு வலி இல்லம்மா, இதயம்" என்றார் மருத்துவர். பேனாவை மூடினார். பக்கத்தில் நின்ற வெற்றிசெல்வன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குணசேகரனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பந்தல்காரர் மூங்கில்களை இறக்கிவிட்டு நின்றார். ஐஸ் பெட்டி வைக்க இடமில்லை. இருந்த ஒரே இடத்தைக் கூடாரம் பிடித்திருந்தது.

"இத எடுங்கப்பா மொதல்ல" என்றார் யாரோ.

வெற்றிசெல்வனும் இன்னும் இரண்டு பேரும் முயன்றார்கள். முளைகள் பிடுங்க வரவில்லை. குணசேகரன் நன்றாக அடித்து இறக்கியிருந்தார். கயிற்றை இழுத்தார்கள். வளைந்த கம்பிகளை எந்தப் பக்கம் கழற்றுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பக்கத்தை மடக்கினால் மறுபக்கம் உப்பியது. ஒருவர் அரிவாளை எடுத்து வரச் சொன்னார்.

"வெட்டாதீங்க!" ரம்யா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு கூடாரத்தின் முன் மண்டியிட்டாள். மேலேயிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அப்பா எப்படிச் செய்து காட்டினாரோ அப்படி, கம்பிகளை இழுக்காமல் தள்ளி வெளியே எடுத்தாள். துணி ஒரு பெருமூச்சு விட்டுத் தரையில் படிந்தது. அதை மூன்றாக மடித்துச் சுருட்டினாள். பைக்குள் போகவில்லை. பிரித்து மறுபடி சுருட்டினாள். அத்தனை பேரும் ஐஸ் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவள் முடிப்பதற்காகக் காத்து நின்றார்கள். சீக்கிரம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

குணசேகரனின் அக்கா அமராவதி மணமேல்குடியிலிருந்து வந்து சேர்ந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்து அலறி ஓய்ந்தபின், சிவரஞ்சனியைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். விடிந்து வெயில் ஏறும்வரை அந்தக் கை அவள் தோளிலேயே இருந்தது.

"மலைக்குப் போறேன்னு போனு போட்டப்பவே எனக்கு மனசு சரியில்ல. சொன்னாக் கேக்குறவனா?" அமராவதி மூக்கைச் சிந்தினாள். "ஆனா ஒண்ணு ரஞ்சனி. இது அந்தக் காட்டுக்குள்ள நடந்திருந்தா என்ன கதியாயிருக்கும்? மொழி தெரியாத ஊருல, பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு, நீ ஒத்தையில என்ன பண்ணிருப்ப? சொந்த வாசல்ல, சொந்த மண்ணுல போயிட்டான். ஆத்தாதான் தடுத்து நிப்பாட்டிட்டா. அவளுக்குத் தெரியும்."

சிவரஞ்சனி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி சொன்னீங்க?"

"ஆத்தா நிப்பாட்டிட்டான்னேன். அழு ஆத்தா, வாய்விட்டு அழு. இப்புடிக் கல்லு மாதிரி உக்காந்திருந்தா நெஞ்சு வெடிச்சுரும்."

சிவரஞ்சனி அழவில்லை. சுற்றியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். முந்தின நாள் நெற்றியில் இட்டிருந்த குங்குமம் இன்னும் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, யாரும் வந்து அழிப்பதற்கு முன்னால் அதைத் தானே கழுவினாள். நெற்றித் தோல் எரியும்வரை கழுவினாள்.

உச்சி வெயிலுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். ரம்யாவுக்குப் பெரியப்பா மகன் முறையான ஒருவன் கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு பந்தலடியில் உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். அமராவதி ஒரு மூலையில் படுத்துக் கண்ணயர்ந்தாள். ரம்யாவுக்கு யாரோ வற்புறுத்தி இரண்டு வாய் இட்லி ஊட்டினார்கள்.

அப்போது குணசேகரனின் போன் அடித்தது. சாமி அலமாரிக்குக் கீழே சார்ஜில் போட்டபடி இருந்தது. முந்தின நாள் அவரே போட்டது. சிவரஞ்சனி பக்கத்தில் இருந்ததால் எடுத்தாள்.

"வணக்கம் சார், கேம்ப்புலேர்ந்து ஆண்டிச்சாமி பேசுறேன். எந்த இடத்துல வர்றீங்க? இருட்டுறதுக்குள்ள செக்போஸ்ட்டத் தாண்டிருங்க. அப்புறம் வண்டிய விட மாட்டாங்க."

பின்னால் ஏதோ சத்தம். முதலில் கூட்டம் கைதட்டுவதுபோல இருந்தது. பிறகுதான் மழை என்று புரிந்தது.

"அவரு இல்லைங்க" என்றாள்.

"ஓ, அம்மாவா? சார் வண்டி ஓட்டுறாரா? சரி சரி, ஓட்டட்டும். கொண்டை ஊசி வளைவு நெறைய இருக்கு, பேச்சுக் குடுக்காதீங்க. மெதுவாவே வாங்க."

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தைகள் இரண்டோ மூன்றோதான். நேற்றிலிருந்து எத்தனையோ பேருக்கு எத்தனையோ பேர் சொன்ன வார்த்தைகள்.

"அங்க யான இருக்குதா அண்ணே?" என்று கேட்டாள்.

அந்த ஆள் சிரித்தார். "இருக்கும்மா, அது பாட்டுக்கு அந்தப் பக்கம் மேயும். இந்தப் பக்கம் வராது. முப்பது வருசமா இங்க இருக்கேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. பயப்படாதீங்க. ஆத்தோரமாத்தான் எடம் ஒதுக்கிருக்கேன். சார் மூணு தடவ போன் பண்ணிச் சொல்லிட்டாரு, அம்மாவுக்குப் பயம், வெளிச்சம் இருக்கிற எடமாப் பாத்துக் குடுங்கன்னு. சோலார் லைட்டு ரெண்டு போட்டிருக்கேன்."

சிவரஞ்சனி சுவரில் சாய்ந்தாள்.

"மேடம்? கேக்குதா? லைன் போயிருச்சா?"

"கேக்குதுங்க."

"நல்ல மழை இப்ப. கொஞ்சத்துல விட்டுரும். கேக்குதா சத்தம்?"

"கேக்குது."

ரம்யா கதவருகே வந்து நின்று, யார் என்று கண்ணாலேயே கேட்டாள். சிவரஞ்சனி போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.