மேலே கட்டிய தண்ணீர்

ஊமையோடையின் தண்ணீர் தரையை விட்டு எழும்பி ஆள் உயரத்தில் ஓடத் தொடங்கியது 1974ஆம் வருஷம் மாசி மாதம் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு. பத்து மணி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தப்பு. ஒன்பதே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், உப்பளங்களை ஒட்டி, அளத்துமேடு என்று நாற்பது வீடுகள் உள்ள ஊர் இருக்கிறது. ஓடை அந்த ஊரை உரசிக்கொண்டு போய்க் கடற்கழியில் விழும். அங்கே எந்தப் பக்கம் தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் ஊறும். வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் ஓடையில் மட்டும்தான் கிடைத்தது, அதனால் ஊரே அதைத்தான் குடித்தது.

ஓடைமேல் வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் பாலம் ஒன்று இருந்தது. உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று போன வருஷம் அதன் இடுப்பை ஒடித்துவிட்டது. அதிலிருந்து பஸ் இந்தக் கரையில் நிற்கும், ஜனங்கள் இறங்கிப் பாலத்தை நடந்து கடப்பார்கள், காலி பஸ் பின்னாலேயே மெதுவாக வந்து அவர்களை மறுபடி ஏற்றிக்கொள்ளும். புதுப் பாலம் வருகிறது என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். அமராவதி ஒருத்திதான் ஓடைத் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்டாள். அவள் பதினாறு வயதிலிருந்து அளத்தில் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிறவள். அவள் மகள் சின்னப்பாப்பாவைப் பொம்மையார்பாளையத்தில் தங்கராசுவுக்குக் கொடுத்திருந்தது. அங்கே அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போயின. மூன்றாவது தரித்ததும், இதையாவது காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்று அமராவதி மூன்றாம் மாதத்திலேயே மகளை அழைத்து வந்துவிட்டாள். வந்தவள் சோறு தின்றால் கக்கினாள், கஞ்சி குடித்தால் கக்கினாள். ஓடைத் தண்ணீர் மட்டும் உள்ளே போனால் உள்ளேயே தங்கியது. அந்தத் தண்ணீரில் கரைத்த கூழும் தங்கியது.

கலவை மிஷின் வந்து இறங்கிய அன்று, சித்தாள்கள் சிமெண்ட் சட்டிகளை ஓடையிலேயே கழுவினார்கள். சிமெண்ட் பால் வெளுப்பாக ஊர்ப்பக்கம் போனது. மத்தியானத்துக்குள் நாலைந்து கெண்டைகள் மல்லாந்தன. சாயங்காலம் சின்னப்பாப்பா குடித்த தண்ணீரைக் கக்கினாள். மறுநாள் காலையில் அமராவதி ஒரு சொம்பில் மேட்டுப்பக்கத்துத் தெளிந்த தண்ணீரும், இன்னொரு சொம்பில் பள்ளத்துத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, ஓவர்சியர் தட்சணாமூர்த்தியின் கொட்டகைக்குப் போனாள். இரண்டையும் அவர் மேஜைமேல் வைத்தாள். "இதைத்தான் எம்பொண்ணு குடிக்குது. இது இப்படியே இருக்கணும்ங்க. அதை நீங்களே ஒரு வாய் குடிச்சிப் பாருங்க" என்றாள். ஓவர்சியர் கடலூர்க்காரர், கெட்ட மனுஷர் இல்லை. இரண்டாவது சொம்பை எட்டிப் பார்த்தார், குடிக்கவில்லை. ஒரு சீட்டை எடுத்து, 'வேலை முடியும்வரை ஓடைத் தண்ணீரை மேலே கட்டவும்' என்று எழுதி, மேஸ்திரி காசிலிங்கத்திடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, சாமான் எடுக்க விழுப்புரம் பஸ் ஏறினார்.

ரோட்டு ஆபீஸ் பாஷையில் மேலே என்றால் தண்ணீர் வருகிற பக்கம். கட்டு என்றால் மண் மூட்டை அடுக்கி அணை போட்டு, பக்கத்தில் கால் வெட்டி, வேலை நடக்கிற இடத்தைத் தொடாமல் தண்ணீரைச் சுற்றி அனுப்பு என்று அர்த்தம். அளத்தில் வேறு பாஷை. அங்கே தண்ணீர் கட்டுவது என்றால் பாய்ச்சுவது. மேலே கட்டுவது என்றால் தாழ்வான வாய்க்காலிலிருந்து உயரமான பாத்திக்கு ஏற்றிப் பாய்ச்சுவது. காசிலிங்கம் எழுத்துக்கூட்டிச் சீட்டைப் படித்தான், இரண்டு தரம் படித்தான். "தண்ணிய மேலே கட்டணுமாம்மா. அது என்ன வேலைன்னு எனக்குப் புரியல" என்றான். "எனக்குப் புரியுது, தள்ளு" என்று அமராவதி மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். பாலத்துக்கு ஐம்பது கெஜம் முன்னால் ஓடைக்குள் இறங்கி, மூன்று வெட்டு வெட்டி, மண்ணை இழுத்து மடை அணைத்து, அளத்தில் தினமும் சொல்கிற மாதிரி "ஏறு, ஏறு" என்றாள். தண்ணீர் ஏறியது. அவள் தலைக்கு மேலே வந்ததும் சமமாகி, பாலத்தைத் தாண்டி, ஊர்த் துறையில் போய் இறங்கியது. அடியில் ஓடை காய்ந்து மணலாகக் கிடந்தது. அமராவதிக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. சொன்ன வேலையைச் செய்திருந்தாள், அவ்வளவுதான்.

ஓவர்சியர் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அண்ணாந்து பார்த்தார், சீட்டை வாங்கிப் பார்த்தார், மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, நான் என்ன எழுதினேன், நீ என்ன பண்ணி வச்சிருக்கே?"

"நீங்க எழுதுனதைத்தான் பண்ணியிருக்கேன்ங்க. மேலே கட்டச் சொன்னீங்க, கட்டிட்டேன். லாரி போறதுக்கு இடிக்கும்னா சொல்லுங்க, இன்னும் ரெண்டு முழம் ஏத்துறேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அளவுப் புத்தகத்தில் நீர்மட்டம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆறடி என்று எழுதினார். கீழேயா மேலேயா என்று தலைமை ஆபீஸிலிருந்து கேட்டு எழுதினார்கள். மேலே என்று பதில் போட்டார். மேலே என்றால் பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று அடுத்த கடிதம் வந்தது. அதற்கு அவர் பதில் போடவே இல்லை, போட்டிருந்தாலும் அவர்களுக்கு விளங்கியிருக்காது.

ஊருக்கும் குழப்பம்தான். தண்ணீருக்கு அடியில் செருப்புப் போட்டு நடக்கலாமா கூடாதா என்று இரண்டு கட்சி ஆனது. குடத்தை நிமிர்த்திப் பிடிப்பதா கவிழ்த்துப் பிடிப்பதா என்று பெண்கள் தினமும் சண்டை போட்டார்கள். எப்படிப் பிடித்தாலும் நிறைந்தது. கவிழ்த்துப் பிடித்தவர்கள் வீடுவரை கவிழ்த்தே கொண்டுபோக வேண்டியிருந்தது, அதுதான் வித்தியாசம். மீன்கொத்தி ஒன்று கீழிருந்து மேலே பாயப் பழகிக்கொண்டது. எருமைகள் பழைய இடத்திலேயே போய்ப் படுத்து, நனையாமல், நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தன. கெண்டை எப்போதாவது தவறிக் கலவைச் சட்டியில் விழும். அது ஊருக்குச் சொந்தமா, காண்டிராக்டருக்குச் சொந்தமா என்று தீர்க்க வானூர் தாலுகா ஆபீஸ்வரை போனார்கள், அங்கே எந்த நாற்காலியிடம் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள். இதற்கு நடுவில் செங்கல் பாலத்தை இடித்தார்கள், சுண்ணாம்பும் காரையும் மணலில் கொட்டின, மிஷினிலிருந்து டீசல் சொட்டியது, சிமெண்ட் பால் குட்டை குட்டையாகத் தேங்கி இறுகியது. ஒரு சொட்டுகூடத் தண்ணீரில் படவில்லை. தட்சணாமூர்த்தி தினமும் காலையில் கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெயிலுக்குக் காட்டிப் பார்ப்பார், பிறகு குடிப்பார். அவருக்கு இருந்த வயிற்றுவலி சித்திரையோடு போய்விட்டது.

ஒரே ஒரு கஷ்டம். தண்ணீர் கட்டுகிறவர்கள் மடையை விட்டு நகரக்கூடாது என்பது அளத்துச் சட்டம். மேலே கட்டிய தண்ணீருக்கும் அது பொருந்தியது. இரண்டாம் நாள் அமராவதி முள்மரத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் தண்ணீர் அவள் போன பக்கமாகச் சாய்ந்து இடுப்பு உயரத்துக்குத் தொய்ந்துவிட்டது. கீழே சுண்ணாம்புக் குழி வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஓடி வந்து மடையில் கால் வைத்தாள், உடனே எழும்பியது. அதற்குப் பிறகு அவள் பத்தடிக்கு மேல் நகரவில்லை. புருஷன் முருகையன் மடைமேல் ஓலையில் ஒரு பந்தல் போட்டான். அளத்து வேலையை அவனே இரண்டு பேர் வேலையாகப் பார்த்தான். தூங்கும்போதும் ஒரு பாதம் மடையில் இருக்கும்படி படுத்துக்கொண்டாள். சின்னப்பாப்பா காலையில் வெயில் ஏறுவதற்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா தலையில் பேன் பார்த்துவிட்டுப் போவாள். மகளின் வயிறு மாசாமாசம் பெருப்பதை அமராவதி அந்தப் பந்தலிலிருந்துதான் பார்த்தாள். ஆடியில் மகளுக்குக் கால் வீங்கிவிட்டது, வருவது நின்றது. எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரத்தில் வீடு இருந்தும் மகளைப் பார்க்க முடியாமல் அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

ஆவணி இருபத்திரண்டாம் தேதி பாலத்துக்குத் தளம் போட்டார்கள். தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது. சென்ட்ரிங் பலகைமேல் கம்பி கட்டி, காலை ஏழு மணியிலிருந்து நாற்பது சித்தாள்கள் சட்டி மாற்றினார்கள். பச்சைக் கலவைக்கு மூன்று முழம் மேலே ஓடை போய்க்கொண்டிருந்தது. அது விழுந்தால் தளமும் போச்சு, சிமெண்டெல்லாம் கரைந்து ஊர் குடிக்கிற தண்ணீரும் போச்சு. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நகராதேம்மா" என்று ஓவர்சியர் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பதினோரு மணிக்கு முருகையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "கொயந்த குறுக்க நிக்குதாம். முத்தம்மா கையைப் பிசையுது. பொண்ணு உன்னைத்தான் கூப்பிடுது" என்றான். முத்தம்மாள் அந்தப் பக்கத்தில் பேர் போன மருத்துவச்சி. அவள் கையைப் பிசைந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

அமராவதி தண்ணீரைப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள். துறையில் குடத்தோடு நின்ற பெண்களையும் பார்த்தாள். "நான் யாருக்காவ இதைக் கட்டுனேன்?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓவர்சியர் கண்ணை மூடிக்கொண்டார். காசிலிங்கம் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். தண்ணீர் ஒரு நிமிஷம் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றது. அதற்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு தளத்துக்கு மேலிருந்து வளைந்து, முள்மரங்களைத் தாண்டி, உப்புக் குவியல்களுக்கு மேலாக அவள் பின்னாலேயே போனது. கலவைமேல் ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் நிற்பது மடையில் அல்ல, அவளிடம்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மாதம் வீணாக அங்கே கட்டிப் போட்டிருந்தோமே என்று ஓவர்சியருக்கு வருத்தமாக இருந்தது.

அமராவதி வீட்டுக்குள் நுழைந்தபோது ஓடை கூரைக்கு மேலே வந்து நின்றது. கீற்று இடுக்கு வழியாகத் தண்ணீர் வெளிச்சம் உள்ளே ஆடியது. சின்னப்பாப்பா அதைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி குடும்மா" என்றாள். முருகையன் முற்றத்தில் ஏணிமேல் ஏறி மொண்டு கொடுத்தான். இரண்டு சொம்பு குடித்தாள். முத்தம்மாள் கையை அதே தண்ணீரில் கழுவிக்கொண்டு மறுபடி முயன்றாள். குழந்தை திரும்பியது. பன்னிரண்டே காலுக்குப் பெண் பிறந்தது, பிறந்ததும் கத்தியது. வெளியே நின்ற முருகையன் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான். செல்லம்மாள் என்று பெயர் வைத்தார்கள்.

பாலம் ஐப்பசியில் திறந்தது. அடியில் தண்ணீர் கிடையாது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி பாலத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார், மணல்தான் இருந்தது. தூரத்தில் ஒரு குடிசைக்கு மேலே ஓடை போவதைக் காட்டினார்கள். அவர் கையில் இருந்த படிவத்தில், வேலையினால் தண்ணீர் கெட்டதா என்ற கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினார். தண்ணீர் எங்கே என்ற கேள்வி படிவத்தில் இல்லாததால் அதைப் பற்றி எழுதவில்லை. தண்ணீரைக் கீழே இறக்க உத்தரவு கேட்டார் தட்சணாமூர்த்தி. ஏற்றச் சொல்லி உத்தரவே இல்லாதபோது இறக்க எப்படி உத்தரவு தருவது என்று கேட்டார்கள். அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். அமராவதி தானாகவே "இறங்கு" என்று சொல்லிப் பார்த்தாள். அளத்தில் யாரும் தண்ணீரிடம் அப்படிச் சொல்வதில்லை, அதனால் அதற்குப் புரியவில்லை. ஊர் குடங்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வரப் பழகியது.

அவள் எங்கே போனாலும் தண்ணீர் கூடவே வந்தது. ஒருமுறை தொட்டில் வாங்க வானூர்ச் சந்தைக்குக் கிளம்பினாள். பஸ் நிற்கிற இடம்வரை ஓடையும் வந்தது. பின்னாலேயே ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு ஓடி வந்தார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அமராவதி திரும்பிவிட்டாள். முருகையன்தான் போய்த் தொட்டில் வாங்கி வந்தான்.

தை மாதம் மகளையும் ஐந்தாம் மாதக் குழந்தையையும் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பெண்ணைப் பெற்ற தாய்தான் கூடப் போய், குழந்தையை மகளின் மாமியார் மடியில் கொடுத்துவிட்டு வர வேண்டும், முறை அது. தங்கராசு வந்தான். புதுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றது. மூட்டைகளை ஏற்றினார்கள். அமராவதி கீழேயே நின்றாள், அவள் தலைக்கு மேலே ஓடை நின்றது.

"நீ வரலையாம்மா?" என்றாள் சின்னப்பாப்பா.

"நான் வந்தா இவங்க எதைக் குடிப்பாங்க? போ. புள்ளைக்குக் கண்ட தண்ணியும் குடுக்காதே."

"அங்க எல்லாம் உப்புக் கெணறுதானேம்மா."

அமராவதி அண்ணாந்து ஓடையைப் பார்த்தாள். குழந்தையின் காலைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விலகிக்கொண்டாள். முருகையன் முறை செய்ய ஏறினான். பஸ் பாலத்தில் ஏறியது. ஜன்னலில் செல்லம்மாள் அழத் தொடங்கியதும் ஓடையிலிருந்து கைப்பருமன் தண்ணீர் தனியாகப் பிரிந்து, அமராவதியின் தலைக்கு மேலிருந்து பஸ்ஸுக்குப் பின்னால் போனது. மீதி அவளிடமே நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, ஷட்டரை இறக்கச் சொன்னார். பொம்மையார்பாளையத்தில் தங்கராசுவின் தாயார் முதலில் கொஞ்சம் திகைத்துப்போய் நின்றாள், பிறகு கொல்லையில் அண்டாவை நகர்த்தி வைத்தாள். இன்றுவரை அந்த வீட்டுக்கு வேறு தண்ணீர் கிடையாது. அங்கே குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, இங்கே அளத்துமேட்டில் ஓடை ஒரு விரற்கடை குறையும். அமராவதி தினமும் சாயங்காலம் வாசலில் நின்று அது குறைந்து மறுபடி ஏறுவதைப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் உலை வைப்பாள்.