மோட்டார் பாடினால் ஓடுமா

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை எழுதவைத்தது குற்ற உணர்ச்சி. இலக்கிய தாகமெல்லாம் ஒன்றும் கிடையாது. ஃபாயென்சா ஊரில் எங்கள் தெருமுனைக் காப்பிக்கடை வாசலில் ஆறு பேர் நின்றுகொண்டு ஒரு பொய்க்குத் தலையாட்டினோம். முதல் பிரதியில் ‘ஐந்து பேர்’ என்று எழுதியிருந்தேன். ஆறாவது ஆள் நான்.

தொடக்கம் சரியாக அமையவில்லை.

நேவியோ லேத்தை நிறுத்தியபோது வெளியே மழை [மழையே பெய்யவில்லை. மே மாதம், மண்டையைப் பிளக்கும் வெயில்.]

இயந்திரங்களுக்கும் மூச்சு உண்டு என்பதை மனிதன் [அடச்சே, போதும்.]

நேராகவே வருகிறேன். நேவியோவுக்கு ஐம்பத்து மூன்று வயது, லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனுடைய அக்கா ஒரியெத்தா மலைச்சாலைப் பந்தயங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவள். அவளுடைய வண்டியில் எஞ்சினுக்குக் காற்றை அளந்து அனுப்பக் கம்பெனி சீட்டுக்கு அடியில் வைத்திருந்த காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு, தானே அலுமினியத்தில் கடைந்த குழலையும் திறந்த ஃபில்டரையும் நேவியோ மாட்டினான். விஷயம் இவ்வளவுதான்.

2

இப்படிச் செய்தால் வண்டியின் வேகம் கூடுமா? கதை படிக்க வந்தவர் இதை ஏன் கேட்க வேண்டும் என்றால், கதையே இந்தக் கேள்விமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை: உச்ச வேகத்தில், பெட்ரோல் அளவையும் அதற்கேற்ப மாற்றினால், கொஞ்சம் கூடலாம். கீழ்வேகத்தில் இழுவை பெரும்பாலும் குறையும்.* ஆனால் சத்தம் மட்டும் கட்டாயம் கூடும்.

(* அந்தப் பெட்டி சும்மா ஒரு டப்பா இல்லை. காற்று எப்போது வரவேண்டும், எவ்வளவு வரவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்தது. கழற்றி எறியும்போது அந்தக் கணக்கையும் சேர்த்து எறிகிறோம்.)

எங்கள் பக்கத்தில் எஞ்சினையும் ‘மோட்டார்’ என்போம், மோட்டார் சைக்கிளையும் ‘மோட்டார்’ என்போம். நல்ல மோட்டாரை யாரும் ‘ஓடுது’ என்று சொல்வதில்லை. ‘பாடுது’ என்பார்கள். இந்த ஒரு சொல்தான் எல்லோரையும் கவிழ்த்தது.

3

நேவியோ கடை வாசலில் வண்டியை நிறுத்தி முறுக்கினான். அடியிலிருந்து கிளம்பிய உறுமலில் மேசையில் இருந்த கோப்பைகள் அதிர்ந்தன.

“யப்பா, என்னா பாட்டு!” என்றான் கடைக்காரன் லெயார்கோ. “ஞாயித்துக்கெழம ஒங்கக்காவ எவன் புடிக்கிறான்னு பாப்போம்.”

“பெட்டி இருந்தப்போ இருமிக்கிட்டுக் கெடந்துச்சுப்பா. இப்பத்தான் மூச்சே விடுது,” என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன்.

நேவியோவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் மெதுவாகக் கேட்டேன்: “நேரம் கீரம் பாத்தியா?”

“இவரு வந்துட்டாரு வாத்தியாரு,” என்றான் லெயார்கோ. “கடிகாரத்துக்குக் காதா இருக்கு? நீங்க சொல்லுங்க, பாடுதா இல்லியா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “பாடுது, பாடுது,” என்றேன். “பிச்சிக்கிட்டுப் போவும்.” அந்த வண்டியில் நான் ஒருநாளும் ஏறியதில்லை.

4

ஒரியெத்தாவுக்கு ஆறு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வாள். வண்டியைத் தொடைகளாலும் முழங்கால்களாலும் புரிந்துகொள்வாள். ஊர் முழுக்க வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அதை ஓட்டிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மோதில்யானா மலைச்சாலையில், பாலத்திலிருந்து தேவாலயம் வரை, டேங்கில் கடிகாரத்தை ஒட்டிக்கொண்டு ஆறு முறை ஓட்டினாள். பிறகு பழைய பெட்டியைத் தானே மாட்டிக்கொண்டு இன்னொரு ஆறு முறை. கடைசியில் மறுபடி தம்பியின் குழலையே பூட்டி, நேரங்களை எழுதிய காகிதத்தோடு பட்டறைக்கு வந்தாள். [குழலை ஏன் திரும்ப மாட்டினாள் என்று இரண்டு நாள் யோசித்தேன். அதைத் தம்பியே கழற்றட்டும், அவனுக்கு அந்த மரியாதை இருக்கட்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.]

“இதக் கழட்டுடா. வளைவுலேர்ந்து வெளிய வர்றப்போ இழுக்கவே மாட்டேங்குது.”

“வேகம் மேல போனா சும்மா பறக்குமே?”

“மலையில வேகம் மேல எங்கடா போறது? பூரா வளைவு.”

“ஊரே சொல்லுது, நல்லாருக்குன்னு.”

“ஊரா ஓட்டுது?”

காகிதத்தை நீட்டினாள். குழலோடு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரண்டு வினாடி கூடுதல். நேவியோ அதைப் பார்த்தான், படிக்கவில்லை. மூன்று வாரம் லேத்தில் குனிந்து கடைந்த குழல். அந்த வலியில்தான் சொன்னான் என்று எழுதி அவனைக் காப்பாற்றலாம். மனசு வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்காகப் பழகியிருந்தபடி, முகத்துக்கு நேராக, உதடுகளைத் தெளிவாக அசைத்துச் சொன்னான்:

“ஒனக்குக் கேக்காது ஒரியெத்தா. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவள் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். “இனிமே வண்டிய நானே பாத்துக்கறேன்,” என்றாள்.

இருபத்திரண்டு வருடமாக அந்த வண்டியில் அவனைத் தவிர யாரும் ஸ்பானர் வைத்ததில்லை. இரண்டு பேருக்குமே கல்யாணம் ஆகவில்லை, வேறு உறவும் இல்லை. அந்த வண்டியை நடுவில் வைத்துத்தான் அக்கா தம்பி என்று இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயிப்பது என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் இனி அவனை வண்டியைத் தொட விடுவாளா என்பதுதான் என் கவலை.

5

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) குழலோடு ஓட்டி முதலிடம் வருகிறாள். லெயார்கோவுக்குப் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டான். அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

ஆ) பெட்டியோடு ஓட்டி முதலிடம் வருகிறாள், தம்பி தலைகுனிகிறான். நீதி கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரியெத்தாவை நான் ரொம்ப நல்லவளாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். உண்மையில் அவள் பயங்கரப் பிடிவாதக்காரி. காப்பியில் சர்க்கரை கூடினால் கோப்பையோடு திருப்பி வைப்பாள். வென்றால் ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாள்.

இ) [பந்தயமே இன்னும் நடக்கவில்லை. இன்று சனிக்கிழமை. நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்?]

6

நடந்தது இதுதான். இன்று காலை பத்து மணிக்கு நேவியோ அவள் வீட்டு முற்றத்துக்குப் போனான். அவள் பெட்டியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்க போல்ட்டை இறுக்க, பெட்டியை யாராவது எதிர்ப்பக்கமிருந்து பிடித்தால் சுலபம். அவன் ஒன்றும் கேட்காமல் எதிரில் குந்தி உட்கார்ந்து பிடித்தான். அவளும் விரட்டவில்லை. வாசல் கதவருகே நான் நின்றிருந்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். நானும் அதே காரியமாகத்தான் போயிருந்தேன்.

நேவியோ குனிந்தபடியே, எஞ்சினைப் பார்த்து, “தப்புதான். நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றான்.

எனக்குக் கேட்டது. அவளுக்கு அவன் தாடை அசைவது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

“என்னமோ சொல்ற,” என்றாள். “மூஞ்சியத் தூக்கிச் சொல்லுடா. வாய் தெரியல.”

அவன் கை பெட்டியிலேயே இருந்தது. அவள் ஸ்பானரைத் திருப்புவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

அவன் நிமிர்ந்தானா என்று நான் எழுதப்போவதில்லை. நான் பார்க்கவும் இல்லை, திரும்பி நடந்துவிட்டேன். யாரிடமாவது குனிந்துகொண்டே மன்னிப்புக் கேட்டு, கேட்டாயிற்று என்று வீட்டுக்கு வந்து படுத்தவராக இருந்தால், மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும்.